எம்.எல்.ஏ. எழுதும் கடிதத்துக்குத் தபால் தலை யார் செலவு?

சங்கரன்கோவில் சட்டசபைத் தொகுதியில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்கள் இருக்கிறார்கள். தம்மைச் சட்டசபைக்கு அனுப்பிய மக்களுக்கு ஆளுக்கொரு கடிதம் எழுதிவிட வேண்டும் என்று அந்தத் தொகுதியின் எம்.எல்.ஏ. ஒருவர் ஆசைப்படுவதாக வைத்துக்கொள்வோம். நல்ல ஆசைதான். நிறைவேற எத்தனை காலம் பிடிக்கும்?

தமிழ்நாட்டு எம்.எல்.ஏ.க்களுக்குச் சம்பளத்துடன் பலவகைப் படிகள் உண்டு. தொகுதிப் படி, டெலிபோன் படி, வாகனப் படி என்று நீளும் அந்தப் பட்டியலில் தபால் படி என்று ஓர் இனமும் இருக்கிறது. 2017-ம் ஆண்டு ஜூலை மாதத்தில் சம்பளமும் படிகளும் சேர்ந்து மாதம் 55,000 ரூபாயிலிருந்து 1,05,000 ரூபாயாக உயர்ந்தன. மற்ற இனங்கள் ஏறியபோதும் தபால் படி இருந்த இடத்திலேயே நின்றது. மாதம் 2,500 ரூபாய்.

அந்த ஆண்டில் ஒரு சாதாரணக் கவருக்கு ஐந்து ரூபாய்த் தலை ஒட்ட வேண்டும். காகிதம், கவர், எழுதும் ஆள் ஆகிய செலவுகளை விட்டுவிட்டு, தலைக்கு மட்டும் கணக்குப் போட்டால் மாதம் 500 கடிதம். இரண்டு லட்சம் பேருக்கு எழுதி முடிக்க 400 மாதம் ஆகும். அதாவது 33 ஆண்டு 4 மாதம்! ஐந்தாண்டுப் பதவிக் காலம் முழுவதும் ஒரு மாதம் விடாமல் எழுதினாலும் 30,000 பேருக்குத்தான் கடிதம் போய்ச் சேரும். மீதிப் பேருக்கு எழுத வேண்டுமானால் அவர் மீண்டும் மீண்டும் ஜெயித்து, ஏழாவது தடவையும் சட்டசபைக்குப் போக வேண்டியிருக்கும்.

கார்டில் எழுதினால் என்ன என்று கேட்கலாம். ஒரு கார்டு ஐம்பது காசு. மாதம் 5,000 கார்டு எழுதலாம். 3 ஆண்டு 4 மாதத்தில் தொகுதி முழுவதையும் முடித்துவிடலாம். ஆனால் அங்கேயும் தபால் இலாகா ஒரு முட்டுக்கட்டை போட்டிருந்தது. ஐம்பது காசு என்பது கையால் எழுதும் கார்டுக்கு. விஷயத்தை அச்சடித்து அனுப்பும் கார்டுக்கு ஆறு ரூபாய். பன்னிரண்டு மடங்கு! மனிதன் மனிதனுக்கு எழுதுவது வேறு, ஒரே விஷயத்தை ஊருக்கெல்லாம் அச்சடித்து வீசுவது வேறு என்று தபால் இலாகாவே பிரித்துப் பார்த்திருக்கிறது.

மக்கள் பிரதிநிதிகளின் தபால் உரிமையைப் பற்றி உலகத்தில் எழுந்த சட்டங்கள் எல்லாம் இந்த வேறுபாட்டைச் சுற்றியே வந்திருக்கின்றன. பொதுப் பணத்தில் போகும் கடிதம், கேட்டவருக்குப் பதிலா, அல்லது கேளாதவருக்கு விளம்பரமா? முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக இந்தக் கேள்வியுடன் பல நாட்டுச் சட்டசபைகள் மல்லுக்கட்டி வந்திருக்கின்றன.

கையெழுத்தே தபால் தலையாக இருந்த காலம்

இங்கிலாந்தில் பதினேழாம் நூற்றாண்டிலிருந்தே பார்லிமெண்டு அங்கத்தினர்களுக்கு இலவசத் தபால் உரிமை இருந்தது. கடிதத்தின் மேலுறையில் அங்கத்தினர் தம் கையெழுத்தைப் போட்டுவிட்டால் போதும். கூலி இல்லாமல் போய்ச் சேரும். அவருக்கு வரும் கடிதங்களுக்கும் கூலி கிடையாது. அந்நாளில் கடிதத்துக்கான கூலியைப் பெரும்பாலும் பெறுபவரே கொடுத்தார். தூரம் அதிகமானால் கூலியும் அதிகம். ஏழை வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தால், பிரித்துப் பார்ப்பதற்கு முன்னால் மடியை அவிழ்க்க வேண்டும். அப்படிப்பட்ட காலத்தில் ஓர் அங்கத்தினரின் கையெழுத்துக்கு என்ன மதிப்பு இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

மதிப்புள்ள பொருள் கைமாறாமல் இருக்குமா? அங்கத்தினர்கள் வெற்றுத் தாள்களில் கையெழுத்திட்டு நண்பர்களுக்கும் உறவினர்களுக்கும் கொடுத்தார்கள். வேலைக்காரர்கள் அவற்றை விற்றார்கள். கையெழுத்தைப் போலியாகப் போடுகிறவர்களும் கிளம்பினார்கள். கடல் கடந்து போகும் தபால் கப்பல்களில் கடிதங்களோடு வேட்டை நாய்களும், சலவைக்குப் போகும் வேலைக்காரப் பெண்களும், ஒரு பசுமாடும்கூட இலவசமாகப் பிரயாணம் செய்ததாக ஆங்கிலத் தபால் சரித்திர நூல்கள் சொல்லுகின்றன.

பிறகு வேலி மேல் வேலி எழுந்தது. விலாசம் முழுவதையும் அங்கத்தினர் தம் கைப்படவே எழுத வேண்டும் என்று 1764-ம் ஆண்டுச் சட்டம் சொல்லிற்று. போலிக் கையெழுத்துப் போட்டவருக்கு ஏழாண்டு நாடு கடத்தல் என்று தண்டனையும் விதித்தது. தேதியையும் ஊரையும் எழுத்தால் எழுத வேண்டும் என்று 1784-ம் ஆண்டில் ஒரு விதி வந்தது. 1795-ம் ஆண்டில் எண்ணிக்கைக்கே வரம்பு கட்டினார்கள். ஒரு நாளைக்குப் பத்துக் கடிதம் அனுப்பலாம், பதினைந்து பெறலாம். எடை ஓர் அவுன்ஸுக்கு மேல் கூடாது. கடிதம் தபாலில் சேரும் இடத்திலிருந்து இருபது மைலுக்குள் அங்கத்தினர் இருக்க வேண்டும்.

இத்தனை வேலி போட்டும் ஆடு மேய்வது நிற்கவில்லை. கடைசியில் நோய்க்கு வேறு இடத்தில் மருந்து கிடைத்தது. ரோலண்டு ஹில் என்பவர் 1837-ம் ஆண்டில் ஒரு சீர்திருத்தத் திட்டத்தை வெளியிட்டார். தூரம் எதுவானாலும் கடிதத்துக்கு ஒரே கூலி. அதை அனுப்புகிறவரே முன்கூட்டிக் கட்டிவிட வேண்டும் என்பது அதன் சாரம். 1840-ம் ஆண்டு ஜனவரி 10-ந் தேதி ஒரு பென்னிக் கூலி அமலுக்கு வந்தது. அன்றே அங்கத்தினர்களின் இலவச உரிமையும் ஒழிந்தது. விக்டோரியா மகாராணியாரும் தமக்கிருந்த உரிமையை விட்டுக்கொடுத்தார். எல்லாருக்கும் கூலி மலிவானதும், சிலருக்கு மட்டும் இலவசம் என்பதற்கு நியாயம் இல்லாமல் போயிற்று.

கம்பெனி ஆட்சியும் சர்க்கார் தலையும்

நம் நாட்டில் கிழக்கிந்தியக் கம்பெனியார் முதலில் தங்கள் காரியங்களுக்காகத்தான் தபால் நடத்தினார்கள். வாரன் ஹேஸ்டிங்ஸ் 1774-ம் ஆண்டில் அதைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். நூறு மைலுக்கு இரண்டு அணா கூலி. சென்னையில் 1786-ம் ஆண்டில் பொதுத் தபாலாபீஸ் ஏற்பட்டது. அதிகாரிகளின் தபால் இலவசமாகப் போயிற்று. உரிமை எங்கே உண்டோ அங்கே துஷ்பிரயோகமும் உண்டு என்பது இங்கும் மெய்யாயிற்று. 1850-ம் ஆண்டில் நியமிக்கப்பட்ட தபால் கமிஷன் இலவச உரிமையைச் சுருக்கும்படி யோசனை கூறியது. 1854-ம் ஆண்டில் இந்தியா முழுவதற்கும் ஒரே தபால் தலை வந்தது. கால் தோலா எடைக் கடிதம் எவ்வளவு தூரம் போனாலும் அரை அணாதான்.

1866-ம் ஆண்டில் இன்னொரு முக்கியமான ஏற்பாடு வந்தது. சர்க்கார் ஆபீஸ்களின் உபயோகத்துக்கென்றே 'சர்வீஸ்' என்று அச்சிட்ட தனித் தபால் தலைகள் வெளியாயின. தாலுகா ஆபீஸிலிருந்து வரும் பழுப்பு நிறக் கவரில் இந்தத் தலையைப் பலர் பார்த்திருப்பார்கள். இதன் உட்பொருள் ஆழமானது. சர்க்கார் கடிதமும் இலவசமாகப் போவதில்லை. ஒவ்வொரு கவருக்கும் ஏதோ ஓர் இலாகாவின் கணக்கில் செலவு விழுகிறது. செலவு கணக்கில் ஏறினால்தான், அது ஏன் ஆயிற்று என்று பின்னால் ஒருவர் கேட்க முடியும்.

ஆகவே இந்தியாவில் சட்டசபைகள் மலர்ந்தபோது, கையெழுத்துப் போட்டால் கடிதம் போகும் என்ற அந்தப் பழைய ஆங்கில வழக்கம் இங்கே வேர்விடவில்லை.

1952-ம் ஆண்டில் நடந்த முதல் பொதுத் தேர்தலில் சங்கரநயினார்கோவில் என்ற பெயரிலேயே ஒரு லோகசபைத் தொகுதி இருந்தது. எம்.சங்கரபாண்டியன் அதன் பிரதிநிதியாக டில்லிக்குச் சென்றார். அடுத்த தேர்தலிலிருந்து இந்த வட்டாரம் தென்காசித் தொகுதியில் சேர்ந்தது. அந்த முதல் லோகசபைதான் 1954-ம் ஆண்டில் பார்லிமெண்டு அங்கத்தினர் சம்பளச் சட்டத்தை நிறைவேற்றியது. மாதம் 400 ரூபாய்ச் சம்பளம், சபை கூடும் நாளுக்கு 21 ரூபாய்ப் படி. அந்தச் சட்டத்தின் கீழ் 1988-ம் ஆண்டில் அலுவலகச் செலவுப் படிக்கு விதிகள் ஏற்பட்டன.

2010-ம் ஆண்டில் உயர்த்தப்படுவதற்கு முன் அந்தப் படி மாதம் 20,000 ரூபாய். அதில் எழுதுபொருளுக்கு 4,000, கடிதத் தபாலுக்கு 2,000, உதவியாளருக்கு 14,000 என்று பிரித்து வைத்திருந்தார்கள். 2018-ம் ஆண்டில் மொத்தப் படி 60,000 ரூபாயாயிற்று. அதில் எழுதுபொருள், தபால் வகைக்கு 20,000 ரூபாய். கொரோனா நோய் பரவிய 2020-ம் ஆண்டில் இந்த 20,000 ரூபாயை ஓராண்டுக்கு 14,000 ரூபாயாகக் குறைத்தார்கள். 2025-ம் ஆண்டில் அலுவலகப் படி 75,000 ரூபாயாக உயர்ந்தது. 2023 ஏப்ரல் முதலே அது செல்லும் என்றும் அறிவிக்கப்பட்டது.

தென்காசி லோகசபைத் தொகுதியில் 2024-ம் ஆண்டுத் தேர்தலின்போது சுமார் பதினைந்து லட்சம் வாக்காளர்கள். 2018-ம் ஆண்டுப் படியான 20,000 ரூபாயில் ஒரு தாளும் வாங்காமல் தலை மட்டுமே வாங்கினாலும் மாதம் 4,000 கடிதம். எல்லாருக்கும் எழுத 31 ஆண்டுக்கு மேல் பிடிக்கும். எம்.எல்.ஏ.வானாலும் எம்.பி.யானாலும் கணக்கு ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நிற்பதைப் பாருங்கள்.

சுருங்கச் சொன்னால், நம் நாட்டு வேலி பணத்தால் ஆனது. இவ்வளவு ரூபாய், அதற்கு மேல் இல்லை. அந்த ரூபாயில் போகும் கடிதத்தில் என்ன எழுதலாம், யாருக்கு எழுதலாம், எப்போது எழுதலாம் என்பதைப் பற்றிப் படி விதிகள் பேசுவதில்லை.

அமெரிக்கர் போட்ட வேலி

அமெரிக்கர்கள் வேறு வழியில் போனார்கள். அங்கே 1775-ம் ஆண்டிலேயே இலவசத் தபால் உரிமை பிறந்துவிட்டது. அமெரிக்கக் காங்கிரஸ் சபையின் அங்கத்தினர் கையெழுத்து, கவரின் மூலையில் தபால் தலை இருக்க வேண்டிய இடத்தில் அமர்ந்தது. துஷ்பிரயோகம் தாங்காமல் 1873-ம் ஆண்டில் உரிமையை ஒழித்தார்கள். ஒழித்த சூட்டிலேயே அது படிப்படியாகத் திரும்பி வந்துவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் பழையபடி நிலைபெற்றது.

ஒழிக்க முடியாததை ஒழுங்குபடுத்தலாம் என்று 1973-ம் ஆண்டில் ஒரு சட்டம் செய்தார்கள். பொதுக் காரியம் பற்றிய கடிதம் போகலாம். வாக்குக் கேட்டும் நன்கொடை கேட்டும் எழுதக் கூடாது. அங்கத்தினரின் சொந்தப் பெருமையைப் பாடக் கூடாது. பண்டிகை வாழ்த்து அட்டை கூடாது. நம் ஊர் வழக்கில் சொன்னால், பொங்கல் வாழ்த்தைச் சொந்தக் காசில்தான் அனுப்ப வேண்டும்! ஒரு பக்கத்தில் 'நான்', 'என்' என்ற சொற்கள் சராசரி எட்டுத் தடவைக்கு மேல் வரக் கூடாது என்றுகூடப் பிரதிநிதிகள் சபை நெடுங்காலம் ஒரு விதி வைத்திருந்தது.

எல்லாவற்றிலும் முக்கியமானது காலத் தடை. ஒரே மாதிரியான கடிதம் 500 அல்லது அதற்கு மேல் போனால் அதற்குக் கூட்டத் தபால் என்று பெயர். அங்கத்தினர் தேர்தலில் நிற்பவரானால், தேர்தலுக்கு முந்திய 60 நாளில் அப்படிப்பட்ட தபாலை அனுப்பக் கூடாது. பிரதிநிதிகள் சபை இடையில் சில காலம் அதை 90 நாளாக்கிப் பிறகு பழையபடி 60 நாளாக்கியது. ஆனால் ஒரு வாக்காளர் கேள்வி எழுதி, அதற்கு அங்கத்தினர் பதில் எழுதினால் அதற்குத் தடையே கிடையாது. தேர்தலுக்கு முதல் நாளும் எழுதலாம்.

எதிர்த்து நிற்கும் வேட்பாளர் சொந்தப் பணத்தில் துண்டுப் பிரசுரம் அனுப்ப, பதவியில் இருப்பவர் பொதுப் பணத்தில் அனுப்புவது நியாயமா என்று 'காமன் காஸ்' என்ற பொதுநல அமைப்பு அங்கே வழக்குத் தொடுத்தது. வழக்கு 1982-ம் ஆண்டில் தள்ளுபடியாயிற்று. மறு ஆண்டு சுப்ரீம் கோர்ட்டும் அத்தீர்ப்பை உறுதி செய்தது. உரிமையை அடியோடு எடுக்க நீதிபதிகள் முன்வரவில்லை. வேலியைப் பலப்படுத்துவது சட்டசபையின் பொறுப்பாகவே நின்றது. கூட்டத் தபாலின் பிரதிகளைப் பொதுமக்கள் பார்க்கலாம் என்பது அப்படிப் பலப்பட்ட வேலிகளில் ஒன்று.

பிரிட்டனில் இன்று பழைய கையெழுத்து உரிமை இல்லை. அதற்குப் பதிலாகக் கூலி கட்டப்பட்ட கவர்களைக் காமன்ஸ் சபையே கொடுக்கிறது. 2007-ம் ஆண்டில் இந்தச் செலவுக்கு ஓர் அங்கத்தினருக்கு ஆண்டுக்கு 7,000 பவுன் என்று உச்சவரம்பு கட்டினார்கள். கட்சிப் பிரசாரத்துக்கு அந்தக் கவர்களை உபயோகித்தவர்கள் விசாரணைக்கு ஆளாகிப் பணத்தைத் திருப்பிக் கட்டியதுண்டு.

கனடா நாட்டார் போன வழி நம்மை யோசிக்க வைக்கும். அங்கே அங்கத்தினர் அனுப்பும் கடிதத்துக்கு மட்டுமல்லாமல், ஒரு குடிமகன் தன் பிரதிநிதிக்கு எழுதும் கடிதத்துக்கும் தபால் தலை வேண்டாம். விலாசம் எழுதாமல் வீடுதோறும் போடும் அச்சடித்த பிரசுரத்துக்கோ ஆண்டில் நான்கு தடவை என்று வரம்பு. மற்றவர் தொகுதிக்குள் துண்டுப் பிரசுரம் அனுப்பும் வழக்கத்தை 2010-ம் ஆண்டில் நிறுத்தினார்கள். குடிமகனின் கேள்விக்கு வழியை அகலமாக்கி, பிரதிநிதியின் பிரசாரத்துக்குக் குறுக்கியிருக்கிறார்கள்.

நம் ஊரில் மனு போகும் வழி

சங்கரன்கோவிலில் நிலைமை எப்படி? விசைத்தறி ஓசை கேட்கும் ஊர் இது. ஆடித் தபசுக்கு ஜனங்கள் திரளும் கோவில் நகரம். சுற்றிலும் மானாவாரிக் கிராமங்கள். 2019-ம் ஆண்டு நவம்பர் வரை திருநெல்வேலி ஜில்லாவில் இருந்து, பிறகு புதிய தென்காசி ஜில்லாவில் சேர்ந்தது. இப்படிப்பட்ட வட்டாரத்தில் எம்.எல்.ஏ.வுக்கு எழுதப்படும் மனுக்கள் என்னவாக இருக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். முதியோர் உதவித் தொகை, வீட்டுமனைப் பட்டா, ரேஷன் கார்டு, குடிநீர்க் குழாய், நின்றுபோன பஸ்.

மனு எழுதிக் கொடுப்பவரிடம், "அண்ணாச்சி, எம்.எல்.ஏ.வுக்குப் போடுற கடிதாசிக்கும் ஸ்டாம்பு ஒட்டணுமா?" என்று ஒருவர் கேட்டால், "ஒட்டாமப் போட்டா பேரிங் ஆயிரும். அவுக ரெட்டிப்புக் காசு கட்டணும். யாரு கட்டுவா?" என்றுதான் பதில் வரும். பதில் சரியானது. தலை ஒட்டாத கடிதத்துக்கு இரட்டைக் கூலி என்பது நெடுநாளைய தபால் நடைமுறை. கனடாவில் இலவசமாகப் போகும் அந்த மனு, இங்கே மனுதாரரின் ஐந்து ரூபாயில் போகிறது. அந்த ஐந்து ரூபாய் பெரிதல்ல என்று சொல்லலாம். பெரிதாவது, பதில் வராதபோதுதான்.

அதிகாரிகளுக்கு இந்த விஷயத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. பொதுமக்கள் தரும் மனுவுக்கு மூன்று நாளில் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்தில் முடிவு சொல்ல வேண்டும் என்று 2015-ம் ஆண்டில் தமிழக அரசு ஆணை பிறப்பித்தது. அந்த ஆணையைக் காட்டி மனுதாரர் வாதாட முடியும். கோர்ட்டுக்கும் போக முடியும். மக்கள் பிரதிநிதிக்கு வரும் மனுவின் கதி வேறு. தபால் படி என்று மாதாமாதம் பணம் உண்டு. ஆனால் வந்த மனுக்களுக்கு இத்தனை நாளில் பதில் எழுத வேண்டும் என்று அந்தப் படியோடு ஒரு கடமையைச் சேர்த்துக் கட்டவில்லை. பல பிரதிநிதிகள் மனச்சாட்சிப்படி எழுதுகிறார்கள். எழுதாதவரைக் கேட்க விதி இல்லை.

தபால் பையிலிருந்து டெலிபோனுக்கு

இன்னொரு பக்கம், பொதுப் பணத்தில் பிரசாரம் செய்யும் ஆசை தபால் பையை விட்டு வேறு வாகனத்தில் ஏறிவிட்டது. நம் நாட்டிலும் இதற்குச் சில வேலிகள் உண்டு. அசோகச் சின்னத்தை இன்னார்தான் உபயோகிக்கலாம் என்று 2005-ம் ஆண்டில் சட்டமும் 2007-ம் ஆண்டில் விதிகளும் செய்தார்கள். பதவியில் இருக்கும் எம்.பி., எம்.எல்.ஏ. தம் கடிதத் தாளில் அதைப் போடலாம். பதவி போன பிறகு போடக் கூடாது. சங்கரன்கோவிலில் 2012-ம் ஆண்டு மார்ச் 18-ந் தேதி இடைத் தேர்தல் நடந்தது போல எங்கே தேர்தல் வந்தாலும், நடத்தை விதிகள் அமலுக்கு வரும். ஆளும் கட்சி பொதுப் பணத்தில் விளம்பரம் செய்வதை அவை தடுக்கின்றன.

தேர்தல் இல்லாத காலத்து விளம்பரத்தைப் பற்றிச் சுப்ரீம் கோர்ட் 2015-ம் ஆண்டு மே 13-ந் தேதி தீர்ப்புக் கூறியது. வழக்குத் தொடுத்த அமைப்பின் பெயரும் 'காமன் காஸ்'தான். அமெரிக்காவில் உள்ளது வேறு, இது இந்திய அமைப்பு. சர்க்கார் விளம்பரத்தில் ராஷ்டிரபதி, பிரதம மந்திரி, தலைமை நீதிபதி ஆகியோர் படம் மட்டுமே வரலாம் என்றது அத்தீர்ப்பு. பல ராஜ்யங்கள் முறையிட்டதன் பேரில், 2016-ம் ஆண்டு மார்ச்சில் கவர்னர், முதன் மந்திரி, மந்திரிகள் படங்களுக்கும் அனுமதி கிடைத்தது. வேலியில் ஒரு வாயில் திறந்துவிட்டது எனலாம்.

2024-ம் ஆண்டு லோகசபைத் தேர்தலின்போது நடந்தது இந்த விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானது. மார்ச் 16-ந் தேதி தேர்தல் அறிவிப்பு வந்து நடத்தை விதிகள் அமலுக்கு வந்தன. அதற்குப் பிறகும் பிரதமரின் கடிதத்தைத் தாங்கிய சர்க்கார் செய்தி ஒன்று 'விகசித் பாரத் சம்பர்க்' என்ற பெயரில் ஜனங்களின் வாட்ஸ்அப்புக்கு வந்துகொண்டிருந்தது. புகார்கள் எழுந்தன. உடனே நிறுத்துமாறு மார்ச் 21-ந் தேதி தேர்தல் கமிஷன் மின்னணுவியல் மந்திரி இலாகாவுக்கு உத்தரவிட்டது. அறிவிப்புக்கு முன்பே அனுப்பியவைதான், சாதனக் கோளாறுகளால் சில தாமதமாகப் போய்ச் சேர்ந்தன என்று இலாகா விளக்கம் கூறியது.

அந்த விளக்கம் ஒருபுறம் இருக்க, நடந்ததைப் பழைய கண்ணால் பாருங்கள். பொதுச் செலவு, கேளாதவருக்கு வந்த கடிதம், தேர்தல் நேரம். லண்டனிலும் வாஷிங்டனிலும் கடிதக் கவரில் எழுந்த அதே கேள்விகள், கவர் இல்லாத கடிதத்திலும் எழுந்தன. அமெரிக்காவில் 500 என்று வரம்பு கட்டிய கூட்டத் தபால், டெலிபோனில் சில விநாடிகளில் கோடியைத் தாண்டிவிடும். தலை ஒட்டும் செலவே நமக்கு வேலியாக இருந்தது. செலவு இல்லாத தபாலுக்கு அந்த வேலி காவல் நிற்காது.

தேர்தல் செலவுக்குச் சர்க்கார் உதவுவது பற்றி ஆராய்ந்த இந்திரஜித் குப்தா கமிட்டி 1998-ம் ஆண்டில் ஒரு யோசனை சொல்லிற்று. அங்கீகாரம் பெற்ற கட்சிகளின் வேட்பாளர்களுக்குப் பணமாகக் கொடுக்காமல், அச்சுக் காகிதம், பெட்ரோல் போன்றவற்றோடு குறிப்பிட்ட மதிப்புள்ள தபால் தலைகளும் பொருளாகக் கொடுக்கலாம் என்பது அது. பதவியில் இருப்பவருக்கும் எதிர்த்து நிற்பவருக்கும் சமமாகத் தலை கொடுத்தால், தேர்தல் கடிதத்தில் ஒருவருக்கு மட்டும் பொதுப் பணம் துணை நிற்காது. அந்த யோசனை நடைமுறைக்கு வரவில்லை.

பதினாறு பதில்கள்

இனி, முதலில் போட்ட கணக்கை வேறு விதமாகப் போட்டுப் பார்க்கலாம். மாதம் 2,500 ரூபாய்; மாதம் 500 கடிதம். இரண்டு லட்சம் பேருக்குத் தம் சாதனைகளைச் சொல்ல நினைக்கும் எம்.எல்.ஏ.வுக்கு இது யானைப் பசிக்குச் சோளப்பொரி. ஆனால் அதே தொகையில் நாள்தோறும் பதினாறு பேருக்குப் பதில் எழுதலாம். ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. முதியோர் உதவித் தொகை கேட்ட மூதாட்டிக்கு, "உங்கள் மனுவைத் தாசில்தாருக்கு அனுப்பியிருக்கிறேன்; இன்ன தேதியில் இன்ன எண்ணில் பதிவாகியிருக்கிறது" என்று இரண்டே வரி. நாளைக்குப் பதினாறு, ஐந்தாண்டில் ஏறக்குறைய 30,000. ஒரு தொகுதியின் நியாயமான குறைகளுக்கு இது தாராளமாகக் காணும்.

விளம்பரத்துக்குப் போதாத பணம் பதிலுக்குப் போதும். நம் நாட்டுப் பண வேலி, திட்டமிட்டோ திட்டமிடாமலோ, சரியான உயரத்தில்தான் அமைந்திருக்கிறது. குறை அதில் இல்லை. வேலிக்குள் விளைய வேண்டிய பயிரைப் பற்றி விதி மௌனமாக இருப்பதுதான் குறை.

அந்த மௌனத்தைக் கலைக்கப் பெரிய சட்டம் தேவையில்லை. வந்த மனுக்கள் எத்தனை, பதில் போனவை எத்தனை என்று ஒவ்வொரு பிரதிநிதியும் ஆண்டுக்கொரு முறை சட்டசபைச் செயலகத்துக்குக் கணக்குத் தரலாம். அந்தக் கணக்கைத் தாலுகா ஆபீஸ் பலகையில் ஒட்டலாம். தலை ஒட்டிய கடிதத்துக்குள்ள கட்டுப்பாடு டெலிபோன் செய்திக்கும் உண்டு என்று ஒரே வரியில் விதி செய்யலாம். கனடாவைப் போல், குடிமகன் தன் பிரதிநிதிக்கு எழுதும் கடிதத்தையாவது தலையில்லாமல் ஏற்கலாம்.

மக்கள் பிரதிநிதிக்குத் தபால் செலவைப் பொதுப் பணத்திலிருந்து கொடுப்பதற்குக் காரணம் ஒன்றே ஒன்று. ஏழையின் மனு பதில் இல்லாமல் கிடந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் வரி கொடுப்பவன் அந்த ஐந்து ரூபாய்த் தலையை வாங்கித் தருகிறான். தலைக்குக் கொடுத்த பணத்தை எண்ணிப் பார்க்கும் சர்க்கார், அந்தத் தலை ஒட்டிப்போன பதில்களையும் எண்ணிப் பார்க்கத் தொடங்கினால், சங்கரன்கோவில் வட்டாரத்துத் தபால்காரர் பையில் கனம் கூடும். மனுதாரர் மனத்தில் கனம் குறையும்.